நடுகல்லுக்கு இரு விரல் கூடுதல்

இதனை எழுதாமல் விட இயலாது. உடுமலைக்குத் தெற்கேயுள்ள மலைக்காட்டின் தொன்மைச் சின்னங்களைப் பற்றிய துண்டறிக்கை ஒன்றைச் சென்ற கிழமை என் கையில் கொடுத்தார்கள். அங்கிருந்த நடுகல்லைத் ‘திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளி ஒருவர் களவாடிச் சென்றார்’ என்று அதில் அச்சாகியிருந்தது. எழுதியவரைக் குறை கூறேன். அச்செய்தியின் தோற்றுவாய் நான்தான்.

அக்காலத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதங்கள் வரைந்துகொண்டிருந்தேன். ஞானமுத்து அங்கே துணி வெட்டும் பிரிவின் தலைவர், தூத்துக்குடிப் பக்கத்தவர். நான் ‘வெட்டுநர்’ என்று விளித்தால், “கட்டிங் மாஸ்டர்னே சொல்லுங்க அண்ணாச்சி, கறிக்கடைக்காரன்னு நெனச்சிரப் போறாவ” என்பார்.

ஒரு ஞாயிறன்று நிறுவனத்தார் பதினைந்து பேர் சிற்றுந்தில் மலையேறினோம். வனக் காவலர் முன்னே நடந்தார். மழையில் நனைந்த எலுமிச்சைப் புல்லின் மணம் (குளியற்கட்டியில் அடைத்து விற்பது அன்று, நண்பரே; இது மூக்கில் சற்றே அறையும்). மலையணில் ஒன்று கிளையிலிருந்து எங்களைக் கடிந்துகொண்டது. அப்பால் கற்பதுக்கை: நாற்புறமும் பலகைக்கல், மேலே மூடுகல், இறந்தோர்க்கான இல்லம். “ஏனுங்க, இந்த ஊட்டுக்குக் கதவு எந்தப் பக்கமுங்க?” என்று ஓட்டுநர் கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார்.

ஓடைக்கரையில் அந்நடுகல் நின்றது. புலியைக் குத்தும் வீரன். அவன் காலடியில் தேய்ந்த இரு வரி எழுத்து. இரண்டெழுத்துக்கு மேல் எனக்கு வசப்படவில்லை. அகலம், உயரம் மட்டும் குறித்துக்கொண்டு, வழியெல்லாம் புலம்பினேன். காவலரோ, “ஆனை வர்ற தடமுங்க சாமி, நடங்க” என்று விரட்டினார்.

உணவு வேளையில் ஞானமுத்துவைக் காணோம். தேடிக்கொண்டு ஓடைக்கரைக்கே திரும்பினேன். கழுத்தில் அளவு நாடா தொங்க, கல்லின்மேல் பழுப்புத் தாளைப் பரப்பி எதையோ வரைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுருட்டினார். “இப்பப் பாக்காதீய அண்ணாச்சி.”

நேர்மையாளன் ஏன் சுருட்ட வேண்டும்? அந்த வினா மலையிறங்கும்போதே என்னைக் குடைந்தது.

மறுகிழமையே கல் காணாமற்போயிற்று. விசாரிக்க வந்தோரிடம், கேளாமலே கண்டதைச் சொன்னேன். ஞானமுத்துவின் அறையில் அத்தாள் கிடைத்தது. என் குறிப்போடு ஒப்பிட்டேன்: புறக்கோடு நாற்புறமும் இரு விரல் கூடுதல். “பெயர்த்தெடுத்து அடைக்கும் பெட்டியின் அளவு இது” என்று தீர்ப்பே வழங்கினேன்.

அவர் என்னை மட்டும் பார்த்தார். “எழுத்த வாசிக்க முடியலன்னு பொலம்புனீயளே. வீட்டுல வச்சு நிதானமாப் பாக்கட்டும்னு ஒங்களுக்குத்தான் வரஞ்சேன். இன்னும் மை போட்டு முடிக்கல.”

தேர்ந்த நடிப்பு என்று எண்ணினேன். சான்று போதாதென அவரை விட்டுவிட்டார்கள், தொழிற்கூடம் விடவில்லை. “கல்லு மாஸ்டரே, இன்னிக்கு எந்தக் கோயிலுங்க?” என்ற ஏளனத்தைச் சில நாள் பொறுத்தவர், சொல்லாமலே ஊரைவிட்டுப் போனார்.

பல ஆண்டுகள் சென்று, வேறொரு கட்டிங் மாஸ்டரிடம் என் துப்பறியும் திறத்தைப் பெருமையாக விளம்பினேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “ஏனுங்க, தையலுக்கு விடாம எந்த மாஸ்டருங்க அளவு போடுவாரு? கை தானா வுட்டுருமுங்க!”

துணிக்கு ஓரம் விட்டுப் பழகிய கை கல்லுக்கும் விட்டிருக்கிறது. பத்தாண்டு அத்தொழிலில் சோறுண்ட எனக்கு அது தெரியவில்லை.

ஐயம் என் பிறவிக்குணம், போய்விடவில்லை. விரட்டிய காவலர், சிரித்த ஓட்டுநர் என ஒவ்வொருவராக இன்றும் மனம் நிறுத்திப் பார்க்கிறது. ஆனால் வாய் திறவேன்.

இன்று அவ்வழி வேலியிட்டு அடைக்கப்பட்டுள்ளது. கல் இல்லை. அத்தாள் எவர் கைக்குப் போயிற்றோ அறியேன். தேய்ந்த இரு வரிகளும் அதில் தெளிவாக இருந்திருக்கும். நான் ஓரத்தை அளந்தேனேயன்றி எழுத்தைப் படிக்கவில்லை.

இடமோ நிகழ்ச்சி முறையோ பிறழ்ந்திருப்பின் அறிந்தோர் திருத்துக. ஞானமுத்துவே திருத்த முன்வந்தால், ஒரு வினாவும் எழுப்பாமல் ஏற்றுக்கொள்வேன்.