ஜிம்மி உட்கார்ந்த இடத்தில் நின்ற லூர்து அக்கா

செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடு எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது சார்ஜன் மாணிக்கம் அழைத்தார். எடுத்தவுடன் “எங்கலா இருக்க?” என்று அதட்டுகிற ஆள் அவர். அன்று அதட்டவில்லை. “லூர்து போயிட்டாடா. காலைல தலை சுத்துதுன்னு உக்காந்தவ எந்திரிக்கல,” என்றார். பின்னால் நின்ற லோரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் வண்டியை நகர்த்தினேன், எடை போட்டேன், குலைகளைக் கொட்டினேன். வெளியே வந்து சாலையோரம் நிறுத்திய பிறகுதான் அழுதேன்.

செனாவாங்கில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வெளுத்த சேலையோடு முன்னால் வந்து உட்காரும் லூர்தம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். மகன் ஷிப்டு வேலைக்குப் போனதும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களோடு குப்பைத் தொட்டிக்காகச் சண்டை போட்டவரையும் தெரிந்திருக்கும். நான் சொல்லப்போவது சனிக்கிழமைக் காலை லூர்து அக்காவைப் பற்றி. ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கையில் மூங்கில் கம்பு, காலடியில் ஒரு கிழட்டு நாய். காட்டுப்பன்றி கலைக்கிற எங்கள் வரிசையில் எனக்கு இடது பக்கம் நின்றவர் அவர்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளின் குருத்தைப் பன்றிகள் தோண்டித் தின்றுவிட்டு, பகலில் பக்கத்தில் வளர்ந்து நிற்கும் செம்பனைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நிர்வாகம் உரிமம் வைத்திருக்கும் துப்பாக்கிக்காரர்களை வரவழைக்கும். அவர்கள் தோட்டத்தின் ஒரு முனையில், மண் ரோட்டில் நிற்பார்கள். நாங்கள் மறுமுனையிலிருந்து ஒரே வரிசையாக, கம்பால் மட்டைகளை அடித்துக்கொண்டு, சத்தம் போட்டபடி, நாய்களோடு உள்ளே நடப்போம். பன்றி எங்களுக்கு முன்னால் ஓடித் துப்பாக்கிகளிடம் போகும். அப்படித்தான் போக வேண்டும். திரும்பி எங்கள் மேல் வந்தால் தொலைந்தோம். அதனால் நுழைவதற்கு முன் முனியாண்டிக்குச் சூடம் காட்டாமல் யாரும் கால் வைப்பதில்லை. அக்கா அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளி நின்று சிலுவை போட்டுக்கொள்வார். “ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கட்டும்லா,” என்பார்.

தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் அவருக்குக் களைக்கொல்லி மருந்து அடிக்கிற வேலை. முதுகில் டின்னைச் சுமந்து நடந்த தோள் கடைசிவரை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. வேலை நின்று செனாவாங்குக்குக் குடிபோன பிறகும் சனிக்கிழமையானால் மகனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கிவிடுவார். கறிக்காக வரவில்லை. பங்கு பிரிக்கும்போது பாதியை யாருக்காவது கொடுத்துவிடுவார். வீட்டில் சும்மா இருக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஜிம்மி அவரிடம் வந்த கதையும் ஒரு சண்டைதான். பாரோயில் இருந்த ஒரு துப்பாக்கிக்காரரின் பறவை நாய் அது. சுட்டு விழுந்த பறவையை வாயில் கவ்விக்கொண்டு வந்து கொடுக்கப் பழக்கியது. வயதாகிக் கண்ணில் வெள்ளை படர்ந்து, காதும் மந்தமானதும், ஊசி போட்டுவிடலாம் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். “உங்க அப்பாவுக்கும் கண்ணு தெரியலன்னா ஊசி போட்டுருவீங்களா?” என்று கேட்டு, அக்கா நாயைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். அடுத்த வாரம் அது எங்கள் வரிசையில் நின்றது. நான் விடுவேனா? “அக்கா, அதுக்கும் ஒரு கம்பு குடுங்க, ஊனிக்கிட்டு வரட்டும்,” என்றேன். “வாய மூடிக்கிட்டு நட. அது மூக்கு ஒன் மூக்க விட நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

மற்ற நாய்கள் பன்றி வாடை பட்டதும் கண்மண் தெரியாமல் ஓடும். ஜிம்மி அக்காவின் முழங்காலை விட்டு நகராது. மட்டை அடுக்கில் பன்றி படுத்திருந்தால் அதன் பிடரி மயிர் நிமிரும், கால்கள் விறைத்து நிற்கும், தொண்டைக்குள்ளேயே உறுமும். எங்களுக்கு அது போதும். ஆளைக் கண்டால் வேறு மாதிரி. பழைய வீட்டில் உட்கார்ந்தால்தான் சோறு என்று பழக்கியிருந்தார்கள். அதனால் யார் முன்னால் போனாலும் பின்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். குலை வெட்டுகிறவர், காவலாளி, ஒரு முறை தோட்டத்துக்கு வந்த சாமியார் எல்லோருக்கும் அது உட்கார்ந்து காட்டியிருக்கிறது. நாங்கள் சிரிப்போம்.

ஆனால் ஒரு சனிக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் பாரிட் வாய்க்கால் எல்லாம் நிரம்பிக் கிடந்தது. பெரிய ஆண் பன்றி ஒன்று ரோட்டுக்கு வந்து, குண்டு பட்டு விழுந்தது. விழுந்தது எழுந்து எங்கள் பக்கமே திரும்பிவிட்டது. வரிசையை உடைத்துக்கொண்டு போகும்போது குறுக்கே நின்ற ஓர் இளம் நாயின் வயிற்றைக் கிழித்தது. அதன் சொந்தக்காரர் சட்டையைக் கழற்றி நாயைச் சுற்றி, தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார். அந்த நாய் கத்திய சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அடிபட்ட பன்றியை உள்ளே விட்டுவிட்டு வர முடியாது. திங்கட்கிழமை அந்த இடத்தில் பெண்கள் மருந்தடிக்கப் போக வேண்டும்.

துப்பாக்கிக்காரர்களில் சார்ஜன் மட்டும் எங்களோடு உள்ளே வந்தார். போர்டிக்சன் முகாமில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான ஆள். இலையில் ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். செம்பனைக்குள் வானம் தெரியாது. மட்டை விழுந்தாலும் பன்றி என்று தோன்றும். என் கம்பு வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. அக்கா இடது பக்கம் இருக்கிறாரா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தேன்.

வெட்டிய மட்டைகளை நீளமாக அடுக்கி வைத்திருந்த ஒரு குவியலின் ஓரத்தில் ரத்தம் பூசியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்டைகள் அசைந்தன. உள்ளே மூச்சு வாங்குகிற சத்தம். சார்ஜன் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அடி என்று அர்த்தம். ஒருவர் அடிக்க வேண்டும், பன்றி பாயும், துப்பாக்கிக்காரர் கிட்டத்தில் வைத்துச் சுட வேண்டும். எங்கள் வேலை முறை அதுதான். தாமதித்தால் அதுவாகவே பாயும், யார் மேல் என்று சொல்ல முடியாது.

ஜிம்மி குவியலுக்குப் பக்கத்தில் போய் முகர்ந்தது. பின்காலை மடக்கி உட்கார்ந்தது.

“நாய இழும்மா,” என்றார் சார்ஜன்.

“சார்ஜன், அது உக்காந்துருச்சு.”

“வயசாச்சுலா அதுக்கு. காலு வலி, உக்காந்துருச்சு. நகரு.”

“பன்னிக்கு அது உக்காராது.”

மட்டைகள் மறுபடி அசைந்தன. வரிசையில் யாரோ, “அடிங்கக்கா, பாயப் போவுது,” என்றார்கள். அக்கா அடிக்கவில்லை. துப்பாக்கிக் குழாய்க்கும் குவியலுக்கும் நடுவில் போய் நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார். ஜிம்மி ஏமாந்திருந்தால் அந்தப் பன்றியின் கோரைப்பல் அவர் தொடையில்தான் ஏறியிருக்கும். அவருக்கு அது தெரியும்.

“யாரு உள்ள? வெளிய வா,” என்று மலாய் மொழியில் அதட்டினார். அசைந்துகொண்டிருந்த மட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. மூச்சுச் சத்தமும் நின்றது.

“ஆளா இருந்தா பதில் சொல்லாதா? லூர்து, நகரு,” என்றார் சார்ஜன். துப்பாக்கி இறங்கவில்லை.

அக்கா கம்பைத் தரையில் வைத்தார். குந்தி உட்கார்ந்தார். ஜிம்மியின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, வீட்டு வாசலுக்கு வந்தவர்களிடம் கேட்கிற குரலில் கேட்டார். “சுடா மாக்கான்?”

சாப்பிட்டாச்சா. இந்த நாட்டில் யாரும் யாரிடமும் கேட்கிற கேள்வி.

“பெலும்,” என்றது குவியல். இன்னும் இல்லை.

மட்டைகளை விலக்கிக்கொண்டு ஒரு மனிதர் கைகளைத் தூக்கியபடி வெளியே வந்தார். முள் கீறி முகமெல்லாம் ரத்தம். லொம்போக் தீவிலிருந்து வந்து பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். ஏஜெண்டு பாஸ்போர்ட்டோடு ஓடிவிட்டதால் கையில் எந்தக் காகிதமும் இல்லை. வரிசையாக ஆட்கள், கூச்சல், நாய்கள், வெடிச்சத்தம். இமிகிரேஷன்காரர்கள் சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து மட்டைக்குள் புகுந்திருக்கிறார். பன்றி அந்தக் குவியலை உரசிக்கொண்டு பாரிட்டைத் தாண்டிப் போனதையும் உள்ளிருந்தே பார்த்திருக்கிறார். மட்டைகள் அசைந்தது அவர் உடம்பு நடுங்கியதால்தான்.

சார்ஜன் துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை எடுத்தார். ஒவ்வொன்றாகச் சட்டைப்பையில் போட்டார். “நான் சுட்டுருப்பேன்லா,” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். “சுடலல்ல? போய்த் தண்ணி குடிங்க.” பிறகு தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சோறும் நெத்திலிச் சம்பலும் அந்த மனிதர் முன்னால் வைத்தார். ஜிம்மி அவருக்கு எதிரே உட்கார்ந்தே இருந்தது. அவர் அதற்கும் ஒரு பிடி போட்டார். அன்று மாலை மகனின் மோட்டாரில் அவரை எங்கோ அனுப்பி வைத்தார் அக்கா. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். பன்றி பாரிட்டுக்கு அப்பால் செத்துக் கிடந்தது.

அடுத்த முறை கூடியபோது அக்கா ஒரு சட்டம் போட்டார். இனி எந்தக் குவியலையும் கேட்காமல் அடிக்கக்கூடாது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கேட்க வேண்டும். துப்பாக்கிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் பன்றி பின்பக்கமாக நழுவிவிடும். அது உண்மைதான், பல தடவை நழுவியது. “பன்னிக்கிட்ட சாப்ட்டியான்னு கேக்குற கூட்டம்,” என்று கேலி செய்துவிட்டு ஒருவர் வருவதையே நிறுத்திக்கொண்டார். வேலை கெடுகிறது, நீ வராதே என்று எங்களை மேய்க்கிற மேற்பார்வையாளர் மண்டோர் சொன்னார். அக்கா அடுத்த சனிக்கிழமையும் வந்து இறங்கினார். “பன்னி போனா திரும்ப வரும்லா,” என்றதோடு சரி. சார்ஜன்தான் முடித்துவைத்தார். “அவ கேட்டு முடிக்கிற வரைக்கும் என் துப்பாக்கி தரையத்தான் பாக்கும். இஷ்டம் இருக்கிறவன் நில்லு.”

எதற்கு இரண்டு தடவை என்று நான் ஒருநாள் கேட்டேன். வழக்கம்போல் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “மொத தடவ கூப்புடும்போது அவனுக்குப் பயம்தான் தம்பி வரும். அது கொஞ்சம் எறங்கணும். அதுக்கப்புறம் கூப்புட்டாதான் ஆளு வருவான்,” என்றார். ஜிம்மி போன வருடம் இறந்தது. வேறெந்த நாயும் எங்களுக்கு உட்கார்ந்து காட்டவில்லை. அதற்குப் பிறகு கேட்பது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அக்கா எந்தக் குவியலையும் விட்டதில்லை.

அடக்கத்தன்று பேசியவர் அவரை அமைதியான பெண்மணி என்றார். எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரிந்த லூர்து அக்கா ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை. சார்ஜன் என் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

போன சனிக்கிழமை வரிசை மறுபடி கூடியது. அக்காவின் இடத்தை மரியாதைக்காகக் காலியாக விட்டு வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். முடியாது. கலைக்கிற வரிசையில் இடைவெளி விட்டால் பன்றி அது வழியாகத்தான் வரும். நான் நகர்ந்து அவர் இடத்தில் நின்றேன்.

சதுப்பு ஓரத்தில் ஒரு குவியல் அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம். இளம் நாய்கள் குரைத்துத் தள்ளின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து சார்ஜன், “கேளுலா,” என்றார். திரும்பிப் பார்த்தேன். துப்பாக்கி தரையைப் பார்த்திருந்தது.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த இரண்டாவது தடவையைத்தான். கம்பைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். “சுடா மாக்கான்?” என்று கேட்டேன். பதில் இல்லை. உள்ளே யாராவது இருந்தால் அவருடைய பயம் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். என் பயம் இறங்கவில்லை. இறங்காமலேயே மறுபடியும் கேட்டேன்.