ஆறாவது டிஸ்க்

திருத்தங்கலில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸின் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பதுதான் புகழேந்தியின் வேலை. ஆர்டர் எழுதுவான், எது முதலில் மெஷினில் ஏற வேண்டும், எது பிறகு என்று பிரித்து வைப்பான், லோடு அனுப்புவான். இதெல்லாம் கால்வாசி வேலைதான். மிச்ச முக்கால்வாசி, பொய் சொல்வது. "மெஷின்ல ஏறிருச்சுண்ணே, நாளைக்கு லோடு ஏத்திருவோம்" என்று அவன் சொல்கிற அழகில், கேட்கிறவருக்கு மை வாசனையே வந்துவிடும். அந்த ஆர்டர் அப்போது அவன் காலடியில், அட்டைப்பெட்டிக்குள் பிரிக்காமல் கிடக்கும்.

இதைப் பாவம் என்று அந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை. ஆனி பிறந்தால் தீபாவளி வரை பட்டாசு லேபிள்தான் ஓடும். கல்யாணப் பத்திரிகை, பக்திப்பாட்டு கேசட் அட்டை, ஊறுகாய்ப் பாட்டில் ஸ்டிக்கர் எல்லாம் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். முடியாது என்று சொன்னால் ஆர்டர் பக்கத்துப் பிரஸ்ஸுக்குப் போய்விடும். பக்கத்துப் பிரஸ்காரனும் பெட்டிக்குள்தான் போடுவான், ஆனால் வாய் நிறைய "ஏறிருச்சு" என்பான். அதனால் எல்லோருமே "ஏறிருச்சு" என்றார்கள்.

புகழேந்திக்கு அப்போது வயது முப்பத்து நாலு. தொந்தி விழ ஆரம்பித்திருந்தது. பெண் பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. அதற்காக அவன் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சந்தோஷம், துக்கம் எதற்கும் அவன் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவன் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருளுக்கு. அது ஒரு பொம்மைப் படம்.

'கடலடி ரயில்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் தமிழில் போட்டார்கள். கடலுக்கு அடியில் ஒரு ரயில் ஓடும். அதில் டிக்கெட் பார்க்கிற பவளம் என்ற பெண், அப்பா எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போனார் என்று தேடிக்கொண்டே போவாள். வாரம் ஒரு ஸ்டேஷன். பாதியில் ஒருநாள் சேனல்காரன் அதைத் தூக்கிவிட்டு ஏதோ சமையல் நிகழ்ச்சியைப் போட்டான். கேட்க நாதியில்லை.

பிறகு சென்னையில் ஒரு கம்பெனி அதை டிவிடியாகக் கொண்டுவந்தது. ஆறு பாகம் என்று அறிவித்தார்கள். முதல் பாகம் வந்தது. இரண்டாவதற்கு அரை வருஷம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், மாரியம்மன் கோயிலில் ஒரு பங்குனிப் பொங்கல் எல்லாம் போய்விட்டன. புகழேந்தி விருதுநகர் பஸ் ஸ்டாண்டு டிவிடி கடைக்குப் போய்ப் போய்க் கடைக்காரனே அவனைத் தூரத்தில் கண்டதும் கையை விரிக்கத் தொடங்கினான்.

"பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இம்புட்டுத் தவிப்பு தவிக்கலையேய்யா நீ" என்றாள் அவன் அம்மா வள்ளித்தாய். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். "அந்தப் புள்ளைக்கு அப்பன் கெடைச்சா என்ன, கெடைக்காட்டி என்ன?"

"கெடைச்சானான்னு தெரியணும்லம்மா" என்றான்.

ஐந்தாம் பாகம் வருகிறது வருகிறது என்று ஒரு வருஷம் ஓடியது. அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வருவது அவனுக்கே புதிதாக இருந்தது. பழைய டிவிடி அட்டையின் பின்னால் இருந்த நம்பருக்கு, சாப்பாட்டு நேரத்தில் பிரஸ்ஸுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு போன் செய்வான். எடுக்கிறவள் ஸ்ரீமதி என்ற பெண். "அடுத்த மாசம் சார்" என்பாள். மறுமாதம் போட்டால் அதே அடுத்த மாதம். "ஒரு டிஸ்க்கப் போடுறதுக்கு இம்புட்டு நாளாம்மா? பொய்யச் சொல்லியே காலத்த ஓட்டுறீகளே" என்று ஒருநாள் கத்தியே விட்டான். மாவு விற்றுக்கொண்டு போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், உங்ககிட்ட உண்மையச் சொல்றேன். டிஸ்க் ரெடியாகி ரூம்ல அடுக்கி வச்சிருக்கோம். மேல போடுற ரேப்பர் மட்டும் வரல. இதுவரைக்கும் சென்னையிலயே அடிச்சோம். செலவு குறையும்னு இந்தத் தடவை சிவகாசிப் பக்கம் குடுத்தாங்க. கேட்டா மெஷின்ல ஏறிடுச்சுங்கறாங்களாம். மூணு மாசமா ஏறிக்கிட்டே இருக்கு."

புகழேந்தி பிரஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"தீபாவளி லீவுக்குக் கடைக்குப் போகலைன்னா இது விக்காது சார். விக்கலைன்னா ஆறாவது பாகத்தைப் போட மாட்டேன்னு எங்க எம்டி சொல்லிட்டார். எங்க ஏஜென்ட் கண்ணுச்சாமியும் தினம் போன் பண்ணிட்டுத்தான் இருக்கார்."

கண்ணுச்சாமி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை புகழேந்தியிடம் பேசுகிற கண்ணுச்சாமி. 'ரேப்பர் ரெண்டாயிரம்' என்று மட்டும் சொல்லி அவர் ஆனியில் அனுப்பிய கூரியர் கவரை, என்ன ஏது என்று பார்க்காமல் பெட்டிக்குள் போட்டது அவன் கைதான்.

உள்ளே போய்ப் பெட்டியைக் கிளறினான். அடியில் இருந்தது. மாதிரிக்கு வைத்திருந்த அட்டையில் பவளம் ரயில் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பிடித்தபடி நின்றான். என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முதலாளி மணிகண்டராஜ் மெஷின் பக்கம் நின்றிருந்தார். பட்டாசுச் சாட்டைக்கான லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் லாரி.

"அண்ணாச்சி, இந்த ரேப்பரை மட்டும் இன்னைக்கு ஏத்திருவமா? ரெண்டாயிரந்தான்."

"ஏலே, ரெண்டாயிரத்துக்கு மை மாத்தி மெஷினக் கழுவச் சொல்லுதியா? வெளிய லாரிக்காரன் கெடந்து கத்துறது கேக்கல?"

"தீபாவளிக்கு முன்ன போகலைன்னா அடுத்த பாகமே வராதாம் அண்ணாச்சி."

"என்னத்தோட பாகம்?"

"பொம்மைப் படம். நான் பாக்குறது."

மணிகண்டராஜ் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, அவன் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். "சீசன் முடியட்டும்லே. எங்க போயிரப் போகுது?"

மல்லுக்கு நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டித் தரச் சொல்லி மெஷின்காரரைக் கெஞ்சியிருக்கலாம். ஒன்றும் வேண்டாம், கண்ணுச்சாமியிடம், "சீசன்ல முடியாதுண்ணே, கவரத் திருப்பி அனுப்புறேன், அங்கயே அடிச்சுக்கோங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆர்டர் போயிருக்கும், முதலாளி நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். சாயங்காலம் கண்ணுச்சாமி போன் செய்தார். புகழேந்தி வாயைத் திறந்தான். பத்து வருஷமாக என்ன வந்ததோ அதுதான் வந்தது.

"மெஷின்லதாண்ணே ஓடுது. நாளைக்கு லோடு."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு மறுநாள் பயம்கூட இல்லை.

தீபாவளி முடிந்து, காலண்டர் வேலை மும்முரமாவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் ரேப்பர் ஓடியது. தை மாதம் ஐந்தாம் பாகம் கடைக்கு வந்தது. விருதுநகர்க் கடைக்காரன், "வந்துருச்சு, வந்துருச்சு" என்று வெளியே வந்து கையில் கொடுத்தான். புகழேந்தி வீட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தான். கடைசிக்கு முந்தின ஸ்டேஷனில் ரயில் நின்றது. கதவு திறந்தது. பவளம் ஒரு காலை வெளியே வைத்தாள். அதோடு முடிந்தது.

வள்ளித்தாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பன் அங்கனதான் இருக்கானா?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"தெரியலம்மா."

மறுநாள் வேப்பமரத்தடிக்குப் போய் ஸ்ரீமதிக்குப் போன் செய்தான். பதில் தெரிந்தே செய்தான்.

"ஆறாவது வராது சார். அஞ்சாவதே பாதிக்குமேல ரிட்டர்ன். டப்பிங்கூட முடிஞ்சு ரெடியா இருந்துச்சு. டிஸ்க்தான் போடலை. இந்த வரிசையையே மூடிட்டாங்க."

"சரிம்மா."

"அந்தப் பிரஸ்காரங்களை நெனச்சாத்தான் சார் வயிறு எரியுது. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க இங்கயே ஒரே நாள்ல அடிச்சிருப்போம். எப்பிடி சார் தினமும் கூசாம பொய் சொல்ல முடியுது அவங்களால?"

அவன் பிரஸ் சுவரைப் பார்த்தான். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று தோன்ற, போனைக் கையால் பொத்தியபடி இரண்டு எட்டு தள்ளி நின்றான்.

"ஆமாம்மா" என்றான். "அவுக அப்பிடித்தான்."

"உங்களை நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு சார். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் உங்களைத் தெரியும். நீங்க ஒருத்தர்தான் விடாம கேட்டீங்க. எங்க எல்லார் சார்பாவும் சாரி சார்."

"பரவாயில்லம்மா" என்று சொல்லி, அவள் கேட்ட மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு, போனை வைத்தான். பிறகு சாப்பிடப் போனான்.