ஆண்டவர் என்னைச் சாப்பிடச் சொன்னார்

ஆண்டவரை நேசிக்கிற என் சகோதர சகோதரிகளே, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து வந்து இந்தச் சாட்சியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க எனக்குச் சுவர் வேண்டியிருந்தது.

ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் சிங்கப்பூரில். பள்ளிக்கூடம் முழுவதுக்கும் அரிசி அளந்து போட்ட கைக்கு, ஒரு ஆளுக்கு அளக்கத் தெரியவில்லை. மீந்ததைப் பார்த்தால் எரிச்சல் வரும். மறுநாள் அடுப்பே பற்ற வைக்க மாட்டேன்.

அந்த வருஷம் சித்திரை மாதம் கால் இரண்டும் வீங்கின. செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. வெயில்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். வயிறும் உப்பின பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பழக்கம் உண்டாம்மா?"

எனக்கு வந்ததே கோபம். "நான் ஊர்ல குடிக்கிறவங்களுக்காக ஜெபம் பண்றவ சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சர்க்கரையாலும் கொழுப்பாலும்கூட ஈரல் கெடும் என்று விளக்கினார். என் கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டது. இது நாள்பட்ட நோய். பழையபடி ஆகாது, மேலே கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஈரல் கெட்டது என்றால் பாட்டில்தான் ஞாபகத்துக்கு வரும். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் குடிகாரர்களின் பெயரைச் சொல்லி, சபையே அதிர ஜெபிக்கிறவள் நான். எனக்கே ஈரல் நோய் என்றால் எந்த வாய் சும்மா இருக்கும்? மகனிடம் கால்வலி என்று மட்டும் சொன்னேன். "ஜாக்கிரதையா இரும்மா" என்றான். பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து வேறென்ன சொல்லுவான்? போனை வைத்த பிறகு வீட்டில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான். அதைக் கேட்டுக்கொண்டே அழுவேன்.

சுகம் வேண்டி உபவாசத்தைக் கூட்டினேன். வெள்ளியோடு புதனும் சேர்ந்தது. பிறகு இரவுச் சாப்பாட்டையும் விட்டேன். கூடச் சாப்பிட ஆளில்லாத வீட்டில் உபவாசம் இருப்பது ரொம்பச் சுலபம். அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையில் வீக்கம் வடிந்தது. உடம்பும் இளைத்தது. ரவிக்கை தொளதொள என்றானது. கர்த்தர் கேட்டுவிட்டார் என்று ஸ்தோத்திரம் செலுத்தினேன். ஆனால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகையில் பஸ் படியில் கால் ஏறவில்லை. "சீக்கிரம் ஏறுங்கம்மா" என்று கண்டக்டர் விசிலை ஊதினார். பின்னால் நின்ற ஒரு பெண் என்னைத் தூக்காத குறையாக ஏற்றிவிட்டாள். வெட்கத்தில் கடைசி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் கல்லீரல் நோயாளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சம்மதமா என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். ஈரலுக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணா ஈரல் எப்படி இருக்குன்னு தெரியும்மா. ஆனா ஒரே மாதிரி ரிசல்ட் வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நல்லா நடமாடுறாங்க, ஒருத்தர் படுத்துர்றாங்க. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமான்னுதான் பாக்குறோம். நடமாடத் தசையில தெம்பு இருக்கணும், அதைப் பாக்கத்தான் இந்த நாற்காலி."

இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாவது தடவை பாதியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்திலேயே அழுதேன். "நான் எத்தனை நாளைக்கு இருப்பேன், சொல்லிருங்க" என்றேன்.

"நாங்க போடுற கணக்கு நிறையப் பேரைச் சேர்த்துப் போடுறதும்மா. உங்க ஒருத்தருக்கு நாள் குறிக்க அதால முடியாது" என்று என் தோளைத் தொட்டார். "சரி, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

உபவாசத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கெட்டுப்போன ஈரலால் சத்தைச் சேர்த்து வைக்க முடியாதாம். வயிறு காலியாகக் கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னுமாம். நான் இளைத்தது சுகம் இல்லை, அது என் சதைதான் என்று அப்போதுதான் புரிந்தது. "பட்டினியே கெடக்கக் கூடாது. படுக்கப் போறதுக்கு முன்னாடியும் கொஞ்சம் சாப்பிடணும். முட்டை, பயறு சேர்த்துக்கங்க" என்றவர், கடைசியில் ஒன்று கேட்டார். "வீட்ல கூட யாரு இருக்காங்க?"

சுவரைப் பிடித்து எழுந்து, பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே எங்கள் சபைக் கோயிலுக்குள் போனேன். ஒருவரும் இல்லை. எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம். உமக்காகப் பட்டினி கிடந்தேனே, அதுவா என்னைத் தின்றது என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து வேறொரு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, நான் சாப்பிடுகிறேன். ஆனால் தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஆளைத் தாரும்." இத்தனை வருஷ ஜெபத்தில் அதுதான் பொய் கலக்காத ஜெபம் என்று நினைக்கிறேன்.

வந்த வெள்ளிக்கிழமை, ஜெபத்தை முடித்துவைக்க எழப் பார்த்தேன். பாயிலிருந்து எழ முடியவில்லை. பெண்கள் பதறி என்னைத் தூக்கினார்கள். மறைக்க இனி என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் பயந்தபடியே இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெயராணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் தேவராஜ் ஊரறிந்த குடிகாரர். நான் பெயர் சொல்லி ஜெபித்தவர்களில் முதல் ஆள். என்னைக் கண்டால் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிடுவார்.

"அவுகளுக்கும் இதேதான் டீச்சர்" என்றாள் மெதுவாக. "ஈரல். குடிய விட்டு ஆறு மாசமாச்சு. சபையிலருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. வீட்ல உப்புக் கொறச்சுத்தான் ஆக்குறேன். நீங்களும் அங்கிட்டு வாங்களேன், சேந்து சாப்பிடுவோம்."

நான் கேட்டது ஒரு துணை. கர்த்தர் காட்டியது தேவராஜ் வீட்டை! போகாமலே இருந்திருப்பேன். ஆனால் கேட்டது நான்தானே.

முதல் நாள் அவர் தலை நிமிரவில்லை. பாசிப்பயறுக் குழம்பு, அவித்த முட்டை. எதிலும் உப்பு ஒட்டவில்லை. ஒரு வாய் வைத்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கும் சேத்து ஜெபிங்க டீச்சர்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு நான் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் அங்கேதான். படுக்கும் முன் சாப்பிட ஜெயராணி சுண்டல் கட்டிக் கொடுப்பாள். சாப்பாட்டுக்கு முன்னால் நானும் தேவராஜும் பிளாஸ்டிக் நாற்காலியில் எழுந்து எழுந்து உட்காருவோம். ஜெயராணி பரீட்சை வைக்கிற மாதிரி எண்ணுவாள். அவரையும் அந்த ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பு டாக்டரம்மா முன்னால் நான் ஐந்து தடவையும் எழுந்தேன். தேவராஜ் என்னைவிட வேகமாக எழுந்தார். கணக்கில் அவர் என்னைவிட நன்றாக இருந்தார்.

ஆனால் சகோதர சகோதரிகளே, உண்மையைச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் கழிந்து ஒரு காலையில் தேவராஜ் இரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் இருக்கிறேன். ஏன் என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது ஜெயராணி வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. "பசிக்கல டீச்சர்" என்றாள். அந்தப் பசிக்காமை எனக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பி வந்து அரிசி அளந்தேன். இரண்டு பேருக்கு. கை சரியாக அளந்தது.

என் ஈரல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. மாத்திரையும் பரிசோதனையும் தொடர்கின்றன. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் இப்போது நான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறேன். பெயர் சொல்லிச் சத்தம் போட்டு ஜெபிப்பதை விட்டுவிட்டேன். யார் வீட்டில் துணைக்கு ஆள் இல்லையோ, அந்த வீட்டுக்குப் போகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது வியாதியை மறைத்துக்கொண்டு தனியாக இருந்தால், டாக்டரிடமும் சொல்லுங்கள், ஆண்டவரிடமும் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி கேளுங்கள். அவர் யாரை அனுப்பினாலும் கதவைத் திறங்கள். பொழுது சாய்கிறது. உப்பில்லாத குழம்பு தூக்குவாளியில் ஆறிக்கொண்டிருக்கிறது. ஜெயராணி எனக்காகக் காத்திருப்பாள். நான் எழுந்து போகிறேன்.