கார் போர்ச்சில் ஒரு சாம்பியன்

தினமும் மோட்டார் சைக்கிளில் ஜோகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் கணவர், போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்போயிலிருந்து தன் இளமையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி. ஆளுயரம், அடியில் கறையான். மாசாயில் எங்கள் வீட்டு வாசலுக்குள் அது நுழையவில்லை. ஆகவே இளமை போர்ச்சில் நின்றது, கார் வெயிலில் நின்றது.

"உனக்கு என்ன தெரியும்? அந்தக் காலத்துல நான்தான் சாம்பியன்."

எனக்குத் தெரியாதுதான். கல்யாணத்துக்கு முன் ஜோகூர் பாருவில் ஒரு கேம் கடையில் நான்கு வருடம் டோக்கன் விற்றவள் நான். அவரைப் பார்த்ததே அங்கேதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் கண்ணாடிக் கூண்டுக்கு வருவார். என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று ஆறு மாதம் நம்பினேன். முதல் கட்டத்தையே தாண்டத் தெரியாதவர் டோக்கனுக்கு வேறு எங்கே போவார் என்பது பிறகுதான் உறைத்தது.

அவரும் அவருடைய நண்பரும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியை மாற்றியமைத்தார்கள். பழைய கனத்த பிக்சர் டியூப்பைக் கழற்றிவிட்டுத் தட்டையான திரையையும், உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரையும் பொருத்தினார்கள். எல்லாம் பிரமாதம். ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் விமானம் வலப்பக்கம் பறந்தது, அவ்வளவுதான்.

"அலமாக்! புரோகிராம்ல பெரிய கோளாறு, அண்ணி," என்றார் நண்பர், டாக்டர் தோரணையில்.

தேநீர்த் தட்டைக் கீழே வைத்தேன். "வயர மாத்திச் சொருகியிருக்கீங்க லா. பின்பக்கம் திறங்க."

கடையில் மெக்கானிக் வராத நாட்களில் ஸ்குரூ டிரைவர் பிடித்த கை இது. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"சரி, ஒரு ஆட்டம் ஆடிப் பாரேன்," என்றார் கணவர், பெருந்தன்மையாக.

வேலை செய்பவர்கள் ஆடக்கூடாது என்பது அந்தக் கடை முதலாளியின் சட்டம். நான்கு வருடமும் கூண்டுக்கு எதிரே இருந்த இதே விமான ஆட்டத்தைப் பார்க்க மட்டும் செய்தேன். எந்த மூலையிலிருந்து எப்போது எதிரி வருவான் என்பது மனப்பாடம். ஐந்தாம் கட்டம் வரை போனேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பொத்தான் லூசா இருக்கு. அதான் ஈசியா இருக்கு," என்றார் சாம்பியன். நண்பர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

இப்போதெல்லாம் அவர் வேலை முடிந்து வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் நிற்கிறார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"இருங்க, இன்னும் சாகல."

பாலத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர். நிற்பது அவருக்குப் பழக்கம்.