கணவர்களுக்கு ஒரு விளம்பரம்

அக்காவுக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சிகிச்சையெல்லாம் முடிந்து, தலைமுடி திரும்ப வளர்ந்த பிறகு, தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கே மறுபடியும் போகத் தொடங்கினாள். முதல் வாரமே எனக்குப் போன் வந்தது. கடையில் விற்கும் சிலிக்கோன் செயற்கை மார்பு நம் ஊர் வெயிலுக்குக் கசகசக்கிறது என்றாள். பஞ்சு வைத்துக்கொண்டாலோ, கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கியதும் மேலே ஏறிவிடுகிறதாம். அதைச் சரிசெய்வதற்காக வேண்டாத வரிகளை அழிப்பதுபோல் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாளாம்.

"ஏளா, நீதான் நல்லா தைப்பியே. எனக்கு ஒண்ணு செஞ்சு தா" என்றாள்.

அப்போது எனக்கு வேலை போயிருந்தது. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினோரு வருடம், கப்பலேறும் சரக்குகளுக்கான ஆவணங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எல்லாம் இணையத்திலேயே பதிவாகத் தொடங்கியதும், நாலு பேர் இருந்த இடத்தில் ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் தையல் மெஷின் இருந்தது. நேரமும் இருந்தது.

முதலில் மெல்லிய பருத்தித் துணியில் இலவம்பஞ்சை அடைத்துத் தைத்தேன். எடை இல்லாததால் அதுவும் ஏறியது. இரண்டாவதன் அடியில் ஒரு கைப்பிடி கேழ்வரகை வைத்தேன். நன்றாகவே நின்றது. ஆனால் அது மழைக்காலம். அக்கா துவைத்துக் காயப்போட்டது காயவே இல்லை, மூன்றாம் நாள் தையல் வழியாக முளை எட்டிப் பார்த்தது. அதைப் போனில் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பை ஒரு வருடமாக நான் கேட்டிருக்கவில்லை. மூன்றாவதில் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பொடிப் பாசிமணிகளைச் சின்னப் பையில் போட்டுத் தைத்து உள்ளே வைத்தேன். கையை எவ்வளவு தூக்கினாலும் அசையவில்லை.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது, வரிசையில் இருந்த இரண்டு பேர் இது எங்கே கிடைக்கும் என்று அவளிடம் கேட்டார்கள். விற்கலாமே என்ற எண்ணம் அதிலிருந்துதான் வந்தது.

போனில் இலவச வீடியோக்களைப் பார்த்து இணைய விளம்பரம் போடக் கற்றுக்கொண்டேன். முதல் விளம்பரத்தில் உடலுறுப்பின் பெயர் இருக்கிறதென்று அந்தத் தளம் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்ததில் ஒரு ரோஜாப் பூவைப் போட்டு, 'நம்பிக்கையோடு நிமிர்ந்து நில்லுங்கள்' என்று எழுதினேன். நிறையப் பேர் பதிலுக்குக் காலை வணக்கம் அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் வந்த ஆர்டர்கள் நான்கு. அந்த நாலு பேருமே அக்காவுக்குத் தெரிந்தவர்கள். வாங்கியவர்களிடம் ஒரு வரி கருத்து எழுதித் தரும்படி கேட்டால், சாமான் நல்லாயிருக்கு, பேர் மட்டும் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலுவலக வேலைக்கே மறுபடி மனுப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் விளாத்திகுளம் பக்கமிருந்து ஓர் ஆண் கூப்பிட்டார். மிளகாயும் கம்பும் போடுகிற சம்சாரி என்றார். அதன் பிறகு வெகுநேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதென்று நான் வைக்கப்போனபோது மெதுவாகச் சொன்னார்.

"தாயி, எப்படிக் கேக்கதுன்னு தெரியல. எம் மக போன்ல நீங்க போட்டிருந்தது வந்துச்சு. எங்க வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆயிட்டு. சொந்த அண்ணன் மகன் கல்யாணத்துக்கே வரமாட்டேங்கா."

அளவு கேட்டேன். தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் அவருக்குக் கூச்சம். கொடியில் கிடக்கும் அவளுடைய சட்டையை அளந்து சொல்லட்டுமா என்று கேட்டார். அரைமணி கழித்துக் கூப்பிட்டு, ஒரு சாணும் நாலு விரலும் என்றார். அவருடைய சாண் எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? மகளின் பள்ளிக்கூட ஸ்கேலைத் தேடி எடுக்கச் சொல்லி, எங்கிருந்து எங்கே வைக்க வேண்டுமென்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். பொறுமையாக எல்லாம் செய்தார். பார்சலின் மேல் துணி என்று மட்டும் எழுதச் சொன்னார்.

இதை அக்காவிடம் சொன்னபோது, அந்தப் பார்சலுக்குள் வைக்க அவளே ஒரு சீட்டு எழுதித் தந்தாள். நானும் இதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் வகுப்புக்குப் போகிறேன் என்று, அவளுடைய டீச்சர் கையெழுத்தில், ஒரே வரி.

பத்து நாள் கழித்து அதே எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். கல்யாணத்துக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். இன்னும் இரண்டு வேண்டும் என்றாள். பிறகு, "அளவு கச்சிதமா இருக்கு. இவுக எப்ப அளந்தாகன்னுதான் தெரியல" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

இத்தனை நாளும் விளம்பரத்தில் நான் பெண்களைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நாசரேத்துக்கு பஸ் ஏறினேன். அக்காவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து புது விளம்பரம் எழுதினோம். 'ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் மனைவி வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாரா? எங்களைக் கூப்பிடுங்கள். அளவெடுக்கச் சொல்லித் தருகிறோம்.' நான் விட்டிருந்த ஒற்றெழுத்துகளை அவள் சிவப்புப் பேனாவால் போட்டுக் கொடுத்தாள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்குக் காட்டும்படி அதைப் போட்டேன். தளம் தடுக்கவில்லை.

அழைப்புகள் வந்தன. கணவர்கள்தான் அதிகம், பிறகு மகன்கள், ஒருமுறை ஒரு மாமனார். ஒரு வருடத்துக்குள் பழைய சம்பளத்தைத் தாண்டிவிட்டேன். இப்போது என்னோடு இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். ஒவ்வொரு பார்சலிலும் அக்காவின் சீட்டு போகிறது. அச்சடித்துவிடலாம் என்றால் கேட்கமாட்டாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கையாலேயே எழுதுகிறாள்.

போனை எடுக்கும் வேலையை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பெரும்பாலானவர்கள் முதலில் ஒன்றும் பேசுவதில்லை. மூச்சுச் சத்தமோ பின்னால் ஓடும் டிராக்டர் சத்தமோ கேட்கும். நான் அவசரப்படுத்துவதில்லை. சொல்லுங்க அண்ணாச்சி என்று ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.