பிரெஞ்சில் முனகும் ரப்பர் நோயாளி

மலத்தில் ரத்தம் வந்தது. முதல் முறை வந்தபோது, முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது முறை அப்படிச் சொல்ல வழியில்லை. அந்த வாரம் வீட்டில் பீட்ரூட் வாங்கவே இல்லை. என் அப்பா குடல் புற்றுநோயில் போனவர். பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுத்ததும், மறுநாளே என் மனைவி ரெட்டியார்பாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போய்விட்டாள்.

அங்கே பெரிய டாக்டரிடம் காட்ட மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அவரிடம் பயிற்சி பெற்ற இளம் பெண் டாக்டர் என்றால் அடுத்த வாரமே பார்த்துவிடலாம். அறுவை சிகிச்சை படித்தவர், குழாய்ப் பரிசோதனைக்குத் தனியாகப் பயிற்சி முடித்தவர். அவருடைய அறைச் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று மாட்டியிருந்தது. பயிற்சி இயந்திரத்தில் முதலிடம் என்றது.

பத்திரிகை அலுவலகத்திலேயே வயதானவனுக்கு முதலிடம் என்ற சொல்லைக் கண்டால் இரண்டு கேள்விகள் எழும். எத்தனை பேரில்? அளந்தது யார்? இரண்டையும் கேட்டேன்.

"ஏழு பேர்ல சார். மெஷினே அளந்துடும்."

"அந்த மெஷினைப் பாக்கலாமா?"

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"தாராளமா. சனிக்கிழமை காலைல கிளாஸ் இருக்கும், வாங்க."

உடனே சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்க விஷயம் இருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை கதவைச் சாத்தும். இன்னொரு வகை அகலத் திறந்து வைத்துக் காபியும் கொடுக்கும்.

சனிக்கிழமை நான் தனியாகப் போக மனைவி விடவில்லை. "நீங்க அந்தப் பொண்ணைக் குறுக்கு விசாரணை பண்ணுவீங்க. அண்ணன் கூட வரட்டும்" என்று முத்தியால்பேட்டையிலிருந்து தன் அண்ணனை வரவழைத்தாள். என் மச்சான் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். ஸ்கூட்டரை அவர்தான் ஓட்டினார்.

பயிற்சிக் கூடம் மாடியில் இருந்தது. ஒரு பக்கம் இளம் டாக்டர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு மூடிய பெட்டி. பெட்டியின் துளைகள் வழியாக நீளக் கம்பிகளை விட்டு, எதிரே இருக்கும் திரையைப் பார்த்தபடி உள்ளே கிடக்கும் பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். கை இடப்பக்கம் போனால் கம்பியின் முனை வலப்பக்கம் போகிறது. ஒருவர் கோழித் தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் எங்கள் தெரு டெய்லர் போடுவதைவிட ஒழுங்காக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் பார்க்க வந்த இயந்திரம் மூலையில் இருந்தது. இடுப்பிலிருந்து தொடை வரைக்குமான ஒரு ரப்பர் உடம்பு ஒருக்களித்துக் கிடந்தது. தலை இல்லை. பின்பக்கத் துளையில் ஒரு பையன் டாக்டர் கறுப்புக் குழாயைச் செலுத்திக்கொண்டிருந்தார். திரையில் இளஞ்சிவப்புச் சுரங்கம் ஒன்று வளைந்து வளைந்து போனது. திரையின் ஓரத்தில் ஒலிபெருக்கிப் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. பிழை திருத்திப் பழகிய கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும்.

"அது என்ன?" என்று கூடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன்.

"சத்தத்தை ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம் சார்."

"என்ன சத்தம்?"

"பேஷன்ட் கத்தற சத்தம். குழாயை அழுத்தித் தள்ளினா கத்தும். இது பிரான்ஸ்ல ஒரு காலேஜ்ல இருந்து வந்த பழைய மெஷின். பிரெஞ்சுலதான் கத்துது, பாஷையை மாத்த முடியல. யாருக்கும் புரியல. பக்கத்துல வேலை செய்யறவங்களுக்கு ஒரே தொந்தரவு."

அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்த மச்சான் எழுந்து வந்தார். "போடுப்பா அதை, கேப்போம்."

போட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. குழாய் முதல் வளைவைத் தொட்டதும், நடுத்தர வயது ஆண் குரல் ஒன்று அந்த ரப்பர் இடுப்பிலிருந்து முனகியது. "துஸ்மாங், தொக்தேர்!" பட்டாணி பொறுக்கிய அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"மெதுவா டாக்டர்ங்கறான்" என்றார் மச்சான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பையன் பதற்றத்தில் இன்னும் தள்ளினார். குரல் உயர்ந்தது.

"இப்ப?"

"நிறுத்துங்க, வலிக்குதுங்கறான்."

மறுபடியும் ஏதோ வந்தது. மச்சான் மொழிபெயர்க்கவில்லை.

"இது என்ன மச்சான்?"

"இது வேணாம் மாப்ள. பட்டாளத்து பாரக்ஸ்ல பேசற பேச்சு."

இயந்திரம் அப்படியெல்லாம் பேசியிருக்காது, அவர் விளையாடினார் என்றே நினைக்கிறேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது இவ்ளோ கத்தினா மார்க் குறையுமா?" என்று கேட்டேன்.

"மெஷின் எல்லாத்தையும் காட்டும் சார். ஆனா நாங்க ரேங்க் போடறது, குடலோட கடைசிக்கு எவ்ளோ சீக்கிரம் போறாங்கன்றதை வெச்சு."

ஆக, சுவரில் மாட்டியிருந்த முதலிடத்துக்கு அர்த்தம் இதுதான்: காது கேளாத வேகத்தில் முதலிடம். அந்த நேரம் பார்த்து டாக்டரே உள்ளே வந்தார். நேராகக் கேட்டேன்.

"நீங்க கத்துக்கிட்டப்போ இதுல சத்தம் இருந்துச்சா?"

"இல்ல சார். அணைச்சுதான் வெச்சிருந்தாங்க."

"அப்ப இந்த ஆளுக்கு எவ்ளோ வலிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

அவ்வளவுதான் பதில். நான் பேசாமல் நின்றேன். பேட்டியில் இது பழைய உத்தி, மௌனம் நீண்டால் எதிராளி தானாகவே எதையாவது சொல்லி நிரப்புவார். அவரும் பேசாமல் நின்றார். கடைசியில் மச்சான்தான் இருமினார்.

திரும்பும்போது, "பொண்ணு பொய் சொல்லல மாப்ள" என்றார்.

"உண்மையைச் சொல்லி நம்ப வெக்கறதும் ஒரு வழிதான்."

"உனக்கு டாக்டர் வேணாம். சாட்சிதான் வேணும்."

பெரிய டாக்டருக்காக மூன்று வாரம் காத்திருப்பது என்று முடிவு செய்து மனைவியிடம் சொன்னேன். மறுநாள் காலை மறுபடியும் ரத்தம் வந்தது. குளியலறையை விட்டு வந்த என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். "செவ்வாய்க்கிழமை. அந்தப் பொண்ணுகிட்டதான்" என்றாள். "மெஷினைப் பேட்டி எடுத்தது போதும்."

குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த உப்புக்கரைசலைக் குடித்த திங்கட்கிழமையைப் பற்றி எழுதப் போவதில்லை. செவ்வாயன்று மேசையில் ஒருக்களித்துப் படுத்ததும் டாக்டர் ஊசியை எடுத்தார்.

"மயக்கம் வேணாம்" என்றேன்.

"மயக்கம் இல்ல சார், லேசாத் தூக்கம் வரும். வலி தெரியாது."

"தெரியணும்."

ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தார். "சரி. வலிச்சா சொல்லணும். மறைச்சீங்கன்னா ஊசி போட்டுடுவேன்."

பிறகு நர்ஸை என் தலைமாட்டில், திரைக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார். "அக்கா, நீங்க திரையைப் பாக்க வேணாம். இவரு முகத்தை மட்டும் பாருங்க." இதையும் நான் நம்பவில்லை. சனிக்கிழமை நான் கேட்ட கேள்விக்காக எனக்கென்று ஏற்பாடு செய்த காட்சி என்றே தோன்றியது. அந்த அக்காவோ இதைத் தினமும் செய்கிறவர்போல ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

குழாய் மெதுவாகப் போனது. வளைவு வந்ததும் வயிற்றை உள்ளிருந்து யாரோ முறுக்குவதுபோல வலித்தது. நான் கத்தவில்லை. மறைத்தால்தான் ஊசி என்றதை நான் நம்பவில்லை; கத்தினால் போட்டுவிடுவார், நடப்பதைப் பார்க்க முடியாது.

"டாக்டர், பல்லைக் கடிக்கறாரு" என்றார் நர்ஸ்.

குழாய் நின்றது. பின்னால் வந்தது. வயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்தி, வேறு கோணத்தில் முயன்றார். மறுபடியும் அதே இடம், அதே வலி.

"சார், வாயைத் திறந்து கத்துங்க. இங்க உங்க பேப்பர் ஆளுங்க யாரும் இல்ல."

மூன்றாவது முறையும் சரிவரவில்லை. டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். "இதுக்கு மேல நான் தள்ளல. பெரியவரைக் கூப்பிடுங்க."

அவருக்கு மேலே போகத் தெரியவில்லையா, இல்லை எங்கே நிறுத்துவது என்று தெரிந்ததா? அந்தக் கேள்வி இன்றும் எனக்கு அப்படியே இருக்கிறது.

பெரிய டாக்டர் வந்தார், கையுறை மாட்டினார், குழாயைப் பிடித்து ஒரு திருகு திருகினார். நான் கத்திய கத்தல் வெளியே உட்கார்ந்திருந்த மனைவிக்கே கேட்டதாம். "அவ்ளோதான், அவ்ளோதான்" என்றார், என் பக்கம் திரும்பாமலே. வளைவைத் தாண்டிக் கடைசிவரை போய்விட்டுத் திரும்பும்போது, குடலின் இடப்பக்கத்தில் கருஞ்சிவப்பாக, காம்போடு ஒரு கட்டி திரையில் தெரிந்தது. "ரத்தம் இதுலேர்ந்துதான். நீயே எடுத்துடு" என்று குழாயை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆட்சேபம் சொல்ல நினைத்தேன். நான் இருந்த நிலையில் யாரும் ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள்.

இளம் டாக்டர் கம்பிச் சுருக்கு ஒன்றை உள்ளே அனுப்பினார். அது கட்டியின் மேல் விழுந்து காம்போடு இறுகியது. மின்சாரத்தில் சுட்டு அறுத்தார். கட்டி கழன்று விழுந்தது. எனக்கு வலி எதுவுமே தெரியவில்லை.

செய்தியை முதலில் சொல்லிப் பழகியவன், இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அது புற்றுநோய் இல்லை என்று அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை எங்களுக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், கிளம்பும்போது டாக்டர் சொன்னதுதான். "அறுத்த இடத்துல குடல் சுவர் மெலிசா இருக்கும். வயிறு கல்லு மாதிரி இறுகினாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே கூப்பிடுங்க. இது என்னோட நம்பர்." மனைவி அதைத் தன் போனில் பதிந்துகொண்டாள்.

அவள் அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் கிடந்து வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிறகு அவளுடைய போனை எடுத்து டாக்டரின் நம்பரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"சொல்லுங்க. வயிறு இறுகுதா?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல."

"அப்புறம்?"

"நம்பர் சரியான்னு பாத்தேன்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. சாலையில் நின்று பேசினார் போல.

"சரியான நம்பர்தான் சார். இடப்பக்கம், தொப்புளுக்குக் கீழ அமுக்குங்க. நான் லைன்ல இருக்கேன்."

அமுக்கினேன். "மெத்துனு இருக்கு. வலி இல்ல."



"உங்க வீட்டம்மாகிட்ட போனைக் குடுங்க. அவங்க அமுக்கிப் பாக்கட்டும்."

கொடுத்தேன். மனைவி கரண்டியை வைத்துவிட்டு வந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அமுக்கினாள். அமுக்கிய இடத்தை அவள் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு பொய் சொல்லலம்மா" என்றாள் போனில்.