பனிமலைக்கு ஒத்திகை, சேலம் ஐஸ் பேக்டரியில்

அம்மோனியா வாடை எங்கே அடித்தாலும் எனக்கு இமயமலை ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள்… காரணம் இருக்கிறது.

அப்போது நான் ஏற்காட்டில் பி.டி. டீச்சர். என் வீட்டுக்காரர் சேகர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அதே எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர் தங்கராசு. பெங்களூரிலிருந்து பாறை ஏறிப் பழக வந்த ஒரு குழுவுக்கு ஜீப் ஓட்டப் போனவர், இரண்டு நாளில் தானும் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் ஏறிவிட்டார். கிளம்பும்போது அவர்கள், அடுத்த வருஷம் லடாக் பக்கம் ஒரு பனிமலைக்குப் போகிறோம், நீங்களும் வாங்க என்று ஒரு மேப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பேச்சுக்குச் சொன்னார்களோ என்னவோ. தங்கராசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்களையும் இழுத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும்… எங்கள் வீட்டு முன்னால் காபி காயப்போடும் களத்தில் மேப் விரிந்துவிடும். பறக்காமல் இருக்க மூலைக்கொரு கல். பஸ் எந்த ஊர் வரைக்கும், அங்கிருந்து சாமான் தூக்கக் குதிரை கிடைக்குமா, பனிமேல் எந்த இடத்தில் கூடாரம்… எல்லாம் தங்கராசு பொறுப்பு. சாப்பாடு சேகர் பொறுப்பு. அவருக்கு எஸ்டேட் புத்தி, எதையும் மூட்டைக் கணக்கில்தான் யோசிப்பார். அந்த உயரத்தில் அரிசி சரியாக வேகாது என்று தெரிந்ததும் மனுஷன் இடிந்து போனார். கடைசியில் அவலும் சத்துமாவும் என்று முடிவானது.

அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து முதுகில் கேப்பை மூட்டையோடு மலை ஏறுவோம். தாண்டிப் போகும் பஸ்ஸில் இருந்து கண்டக்டர், டிக்கெட்டுக்குக் காசு இல்லையா என்று கிண்டலடிப்பார். பனிப் பிளவைத் தாண்டிப் பழக, மிளகு பறிக்கிற மூங்கில் ஏணியை ஓடைக்குக் குறுக்கே போட்டு நடந்தோம். நான் தண்ணீரில் விழுந்து எழுந்தேன். தங்கராசு சின்ன வயதிலிருந்து சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறித்தவர், தார் ரோட்டில் போவதுபோல் போய்விட்டார்.

குளிரைப் பற்றி மட்டும் எங்களுக்குக் கவலையே இல்லை. மே மாதத்தில் ஸ்வெட்டரோடு வந்து நடுங்கும் கீழ்நாட்டு ஆட்களைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவர்கள். ஏற்காட்டுக்காரனுக்குக் குளிரா என்று ஒரு மிதப்பு.

பெங்களூர்க்காரர்கள்தான் போனில் சொன்னார்கள், உறையும் குளிரில் வெறுங்கையால் முடிச்சுப் போட்டுப் பழகுங்கள் என்று. அவ்வளவு குளிருக்கு எங்கே போவது? மலையில் இருக்கிற நாங்கள் குளிரைத் தேடி, சித்திரை வெயிலில், அடிவாரம் இறங்கி சேலத்துக்குப் போனோம்… சேகரின் பெரியப்பா மகன் நடத்திய ஐஸ் பேக்டரிக்கு.

ஐஸ் பார் அடுக்கும் அறைக்குள் எங்களை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூக்கில் ஏறும் அம்மோனியா. சாக்கை விரித்து உட்கார்ந்து முடிச்சுப் போட்டோம். ஒரே சிரிப்பு. வெளியே வந்து பேக்டரி வாசலில் டீ சொன்னோம். நானும் சேகரும் கிளாஸின் விளிம்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறோம்… தங்கராசு மட்டும் கொதிக்கிற கிளாஸை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். சுடவில்லையா என்றேன். தெரியவில்லை என்றார். விரல்கள் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. கிளாஸை நான்தான் பிடுங்கி வைத்தேன்.

சேலத்திலேயே காட்டிய டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சிலருக்குக் குளிர் பட்டால் விரலுக்கு ரத்தம் போகாது, இவர் பனிமலைக்குப் போனால் விரலை இழந்துதான் வருவார் என்று. விரல் போனால் ஸ்டியரிங் எப்படிப் பிடிப்பது? வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

தங்கராசு போகாத இடத்துக்கு நாமும் வேண்டாம் என்று சேகர் வீட்டில் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தங்கராசு ஒரு வாரம் கண்ணிலேயே படவில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்தார். மேப்பை விரித்தார். கல்லை வைத்தார். சேகர் சொன்னதை நான் மெதுவாகச் சொன்னேன்.

"அதெப்படிங்க டீச்சர்… நொம்ப நாளாத் தேடித் தேடி வெச்ச எடமுங்க. நீங்களும் போகலீன்னா அது வெறும் காயிதமாப் போயிருமுங்க. போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

போனோம். சேலம் ஜங்ஷனில் எங்களை ரயிலேற்றிவிட்டதும் அவர்தான். அவர் குறித்த இடத்திலேயே கூடாரம் போட்டோம். எங்கே பார்த்தாலும் பனி… படுத்தால் அடியில் பனி விரிசல் விடும் சத்தம், உச்சி வெயிலில் தகரக் கூரை படபடப்பது போல. காற்று அடித்த அடியில் உச்சிக்கு ஏறாமலே திரும்பிவிட்டோம். ஆனால் பார்த்தோம். வந்த பிறகு பல ஞாயிறுகள், தங்கராசு கேட்கக் கேட்க, சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது எல்லாம் ஈஸி. போனில் புக் பண்ணினால் ஷூவிலிருந்து கையுறை வரை வாடகைக்கு வந்துவிடுகிறது. போன வாரம் போய் இந்த வாரம் ரீல்ஸ் போடுகிறார்கள். போடட்டும், நல்லதுதான்… ஆனாலும் களத்தில் உட்கார்ந்து கனவு கண்ட அந்த ஞாயிறுகளுக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

போன மாதம் தங்கராசு வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. போனில் சாட்டிலைட் படத்தைத் தள்ளித் தள்ளிப் பெரிதாக்கி எங்கள் முன்னால் நீட்டினார். நாங்கள் கூடாரம் போட்ட இடமாம். பனியைக் காணோம். வெறும் கல், நடுவில் பச்சையாக ஒரு ஏரி. சேகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நல்லவேளைங்க டீச்சர், அன்னிக்கு நீங்க போனீங்க," என்றார் தங்கராசு. "இல்லீன்னா நம்மள்ல ஒருத்தருமே அதப் பாத்திருக்க மாட்டமுங்க."

சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தப் பனியை ஒரே ஒரு தடவையாவது அவர் பார்த்திருக்கலாம்.